நடுவில் கறுப்பு

அய்யாதுரை வரைந்த திமிங்கலத்தைப் பார்த்ததும் அச்சக முதலாளி இராமகிருஷ்ணன் அண்ணாச்சி வாயாரப் புகழ்ந்தார். "ஏலே, புஸ்வாணம் கணக்கால்ல பொங்குது! இதுக்கு மேல எவன்லே வரைவான்?" என்றார். அய்யாதுரை மனசு குளிர்ந்துபோய், படத்தைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனான். திருத்தங்கலில் ஒரு படம் புஸ்வாணம் மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அது பாராட்டுதான். சென்னையில் அப்படி இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அய்யாதுரைக்குத் தொழில் வெடி லேபிள் வரைவது. முன்பு பிரஷ், இப்போது கம்ப்யூட்டர். கை மட்டும் அதே கை. கடையில் அட்டைப்பெட்டி மேல் மயில் தோகை விரித்து நிற்கிறதா, சிங்கம் நெருப்பைக் கக்குகிறதா, ஏதோ ஒரு குழந்தை மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிற பல்லையெல்லாம் காட்டுகிறதா, அதில் பாதி இவன் வேலையாக இருக்கும். லேபிளுக்கு என்று ஒரு முறை உண்டு. நடுவில் பளிச்சென்று மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு, ஓரத்தில் கருநீலம். எதை வரைந்தாலும் வெளிச்சம் நடுவிலிருந்து கிளம்பி வெளியே தெறிக்க வேண்டும். கறுப்பு மட்டும் ஆகாது. தீபாவளிச் சரக்கில் கறுப்பைக் கண்டால் வியாபாரிகள் முகம் சுளிப்பார்கள் என்பது அண்ணாச்சியின் கணிப்பு. இரவு வானத்தைக்கூட அந்த அச்சகத்தில் கருநீலத்தில்தான் போடுவார்கள்.

இப்படிப்பட்டவன் கைக்குத் திமிங்கலம் வந்தது அண்ணாச்சியால். சென்னையில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகம், கடலைப் பற்றி வரிசையாகப் பல புத்தகங்கள் கொண்டுவர இருந்தது. அச்சடிக்கும் ஆர்டருக்காகப் பேசப்போன அண்ணாச்சி, சும்மா இராமல், "படம் வரையவும் நம்மகிட்டயே ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். மாதிரிக்கு ஒரு பக்கம் வரைந்து அனுப்பட்டும், பிடித்திருந்தால் வரிசை முழுவதும் அவருக்கே என்றார்கள். அந்த ஒரு பக்கம், கூன்முதுகுத் திமிங்கலம் கடல்மட்டத்துக்கு வந்து இரை பிடிக்கும் காட்சி.

அய்யாதுரைக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். பேர் வாங்குவதற்காக இல்லை, பெண்டாட்டிக்காக. முத்துமாரி எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் ரூமில் வேலை பார்த்தாள். அட்டைக்குழாயில் வெடிமருந்தை அடைக்கிற வேலை. கம்பெனியிலேயே ஆபத்தான வேலை மருந்து ரூமில்தான் என்பது ஊருக்கே தெரியும். போன வருஷம் பக்கத்துக் கம்பெனியில் ஒரு ரூம் இருந்த இடம் தெரியாமல் போனது. அன்று சத்தம் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியவனுக்கு, முத்துமாரியை அவள் கம்பெனி கேட்டுக்கு வெளியே முழுசாகப் பார்க்கும்வரை உயிர் உயிராக இல்லை. அன்றிலிருந்து வேலையை விடு, விடு என்று அவளை அரித்தெடுத்தான்.

அவளோ சிரிப்பாள். "ரோட்டுல லாரி மோதிச் சாகலையா? பயமெல்லாம் உங்களுக்குத்தான் இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்பாள். மகள் பிரீத்திகா விருதுநகரில் நர்ஸிங் படிக்கிறாள். லேபிள் வரையும் வேலை வருஷத்தில் பாதிதான். பட்டாசுக்குத் தடை என்று எங்காவது ஒரு கோர்ட்டில் பேச்சு எழுந்தால் அந்தப் பாதியும் கால் ஆகிவிடும். முத்துமாரியின் வாரச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆகவே அவன் அரிப்பதும் அவள் சிரிப்பதுமாகக் காலம் போனது.

புத்தக வேலை பற்றிச் சொன்னபோதும் அவள் சிரித்தாள். "சரிங்க, அம்புட்டுப் புஸ்தகமும் உங்க கைக்கு வரட்டும். வந்த அன்னைக்கே வேலையை விட்டுட்டு வீட்ல கால் நீட்டி உட்காருறேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அதனால்தான் படம் அனுப்பிய மறுநாள் சென்னையிலிருந்து போன் வந்தபோது முதல் மணியிலேயே எடுத்தான். பேசியவள் ஹர்ஷினி, பதிப்பகத்தில் படங்களைப் பார்க்கிற பெண். மரியாதையான குரல்.

"சார், கலர் ரொம்ப நல்லாருக்கு. ஆனா மீனெல்லாம் வெளியே வருதே சார்? திமிங்கலம் மீனைத் துப்புற மாதிரி இருக்கு. அது சாப்பிடுது சார்."

அய்யாதுரை படத்தைத் திறந்து பார்த்தான். அவள் சொன்னது சரிதான். திமிங்கலத்தின் கீழ்த்தாடை மண்சட்டி மாதிரி இருந்தது. தொண்டையில் மஞ்சள் வெளிச்சம். அதிலிருந்து மீன்கள் பொறி பொறியாய் நாலா பக்கமும் கிளம்பி, வளைந்து, பூவாய் விரிந்து விழுந்தன. சுற்றிலும் குமிழி வளையம் போடச் சொல்லியிருந்தார்கள். அதைத் தரைச்சக்கரமாகவே சுற்ற விட்டிருந்தான். வரையும்போது இது எதுவும் அவன் கண்ணில் படவில்லை. அண்ணாச்சி கண்ணிலும் படவில்லை. அந்த அச்சகத்தில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஹர்ஷினி வீடியோ அனுப்பினாள், விவரமும் எழுதியிருந்தாள். இந்தத் திமிங்கலத்துக்குப் பல் கிடையாது. மத்தி போன்ற சின்ன மீன்களின் கூட்டத்தைக் கண்டால் அதற்குக் கீழே போய், வட்டமடித்துக்கொண்டே மூச்சை விடும். மூச்சு குமிழிகளாய் மேலே வரும். குமிழிகள் சேர்ந்து சுவர் மாதிரி நிற்கும், மீன்கள் அதைத் தாண்டப் பயப்படும். வட்டம் குறுகக் குறுக மீன்கள் நெருக்கிக்கொண்டு மேலே ஏறும். அப்போது அடியிலிருந்து திமிங்கலம் வாயை அகலத் திறந்து, நேரே மேலே வரும். சில சமயம் பல திமிங்கலங்கள் சேர்ந்து ஒரே வட்டத்தில் இப்படிச் செய்யும். கீழ்த்தாடையின் தோல் மடிப்பு மடிப்பாக விரிந்து, கடல் தண்ணீரும் மீனுமாய் அள்ளும். வாயை மூடி, மேல்தாடையிலிருந்து தொங்கும் சல்லடை வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, மீனை மட்டும் விழுங்கும். இத்தனை நேரம் கடற்பறவைகள் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டு, தப்பி வருவதைக் கொத்திக்கொண்டு போகும்.

அய்யாதுரை வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். இரண்டாவது படத்தில் மீன்களையெல்லாம் திருப்பி, தலையைத் திமிங்கலத்தின் வாய்ப்பக்கம் வைத்தான். இப்போது உள்ளே போகின்றன அல்லவா, இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்?

ஹர்ஷினி சொன்னாள். "சார், தப்பா நினைக்காதீங்க. மீனெல்லாம் கியூ கட்டிப் போற மாதிரி இருக்கு."

அதுவும் சரிதான். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூட்டம் உள்ளே போகிற மாதிரி, மீன்கள் முட்டாமல் மோதாமல் சிரித்த முகத்தோடு திமிங்கலத்தின் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தன. வெடி லேபிளில் அழுமூஞ்சிக்கு இடமில்லை. எதை வரைந்தாலும் கை தானாக ஒரு சிரிப்பை ஒட்டிவிடும்.

"எந்த மீனும் தானா போய் வாயில விழாதில்ல சார்?" என்றாள் ஹர்ஷினி. "அடுத்த வாரம் எங்களுக்கு முடிவு பண்ணியாகணும். வேற ஒருத்தரும் மாதிரி அனுப்பியிருக்காங்க. புதன்கிழமைக்குள்ள இன்னொரு தடவை முயற்சி பண்றீங்களா?"

அய்யாதுரைக்கு அவள்மேல் கோபம் வந்தது. அப்புறம் தன்மேலேயே வந்தது. சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மூன்று விதமாக வரைந்தான். ஒன்றில் மீன் தெறித்தது, இன்னொன்றில் மீன் கியூவில் போனது, மூன்றாவதில் மீனே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான்.

"படம் வரலைன்னா என்ன, குடியா முழுகிடும்? நான்தான் வேலைக்குப் போறேன்ல" என்றாள் முத்துமாரி.

"அதுக்குத்தான் படுத்துக் கெடக்கேன்" என்றான் அய்யாதுரை.

அவள் சோற்றுப் பானையை மூடி வைத்தாள். "நாளைக்கு எங்க ஊர்க் கண்மாயில மீன்பிடி. அண்ணன் வரச் சொல்லிருக்கு. கெளம்புங்க, திமிங்கலத்தைப் பிறகு பார்த்துக்கிடலாம்" என்றாள்.

முத்துமாரியின் ஊர் சாத்தூருக்குக் கிழக்கே. கோடையில் கண்மாய்த் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் ஒரு நாள் குறித்து ஊரைக் கூப்பிடுவார்கள். விடியற்காலையில் கரை முழுக்க ஜனம் நிற்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒரு கால் தண்ணீரில் படக்கூடாது. வீசிவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். பிடித்த மீனை விற்கக்கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத்தான் சாப்பிட வேண்டும். விற்றால் அடுத்த வருஷம் மழை பொய்த்துவிடும் என்று ஒரு பயம்.

அன்றும் துண்டு பறந்தது, ஊரே தண்ணீரில் விழுந்தது. முத்துமாரியின் அண்ணன் மணிமுத்து ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன் இருக்கிற இடத்தில் மேலிருந்து அமுக்கி, கையை விட்டுத் துழாவி எடுப்பார்கள். அய்யாதுரை பேண்ட்டை நனைக்க மனமில்லாமல் கரையில் நின்றான்.

நாலு பக்கமிருந்தும் ஆட்கள் கலக்கிக்கொண்டு வர வர, மீன்கள் ஒதுங்கி ஒதுங்கி மடைக்குப் பக்கத்தில் இருந்த பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சுற்றிலும் மனிதக் கால்கள். ஒரு மீன் நிற்க இடமில்லை. அந்தப் பள்ளத்தில்தான் முத்துமாரியும் இன்னும் மூன்று பெண்களும் ஒரு பழைய சேலையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று கையால் தண்ணீரை அடித்தார்கள். நுரையும் குமிழியுமாய் ஒரு வட்டம் கட்டியது. கொக்குகள் தலைக்கு மேலே வட்டமிட்டன.

அய்யாதுரை செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினான்.

"தூக்குங்கடீ!" என்றாள் முத்துமாரி.

சேலை கீழேயிருந்து விரிந்துகொண்டே மேலே வந்தது. மீன்கள் துள்ளின. எல்லாமே வெளியேதான் துள்ளின. தலை வெளிப்பக்கம், வாய் பிளந்து, உடம்பு வில்லாய் வளைந்து, ஒவ்வொன்றும் அந்தச் சேலையை விட்டுப் போகத்தான் எம்பியது. ஒரு கெண்டை அவன் நெஞ்சிலேயே வந்து மோதியது. ஆனால் அவை எம்புவதைவிட வேகமாகச் சேலை ஏறியது, அவை எம்புவதைவிட அகலமாகவும் இருந்தது. வெளியே குதித்த மீன் உள்ளேயே விழுந்தது. சேலையின் நடுவில் சேற்றுத்தண்ணீர் கன்னங்கரேல் என்று கிடந்தது. வெளிச்சமெல்லாம் விளிம்பில்தான் இருந்தது.

"என்னா துள்ளுத் துள்ளுது பாரு!" என்றான் அவன், தன்னை மறந்து.

முத்துமாரி சேலை முனையைக் கையில் முறுக்கிப் பிடித்தபடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "சந்தோசத்துல துள்ளுதுன்னா நெனச்சீக? உயிர்ப் பயம்ங்க அது" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. அதை அய்யாதுரை கவனித்தானா என்றால், இல்லை. அவன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அச்சகத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சாக வரைந்தான். மீன்களைப் பழையபடி வெளிப்பக்கமே திருப்பினான். ஆனால் வாயை மீன்களின் துள்ளலைவிட அகலமாக்கினான். தாடை மடிப்புகளை விரியவிட்டு, மேல்தாடையில் சல்லடையைத் தொங்கவிட்டான். குமிழிகளை இருக்கிற இடத்தில் நிறுத்தி, சுவர் எழுப்பினான். எந்த மீனுக்கும் சிரிப்பு வைக்கவில்லை. கடைசியாகத் தொண்டையில் கறுப்பை ஊற்றினான். இத்தனை வருஷத்தில் ஒரு படத்துக்கு நடுவில் அவன் கறுப்பு வைத்தது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏலே, நடுவுல கறுப்பா? கருமம், பிள்ளைக பார்க்குற படம்லே! மஞ்சளை வையி, மங்களகரமா இருக்கும்."

"அது சாப்பிடுற வாய் அண்ணாச்சி. அங்கன என்ன மங்களம்?"

"ஆர்டர் போச்சுன்னா என்னைய வந்து கேக்கக்கூடாது, ஆமா."

போனால் அண்ணாச்சிக்கு ஒரு ஆர்டர்தான் போகும். தனக்கு என்ன போகும் என்பதை அய்யாதுரை அவரிடம் சொல்லவில்லை. மஞ்சள் வைத்து ஒன்று, கறுப்பு வைத்து ஒன்று என்று இரண்டையும் அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் புத்தி தடுமாறியது. பிறகு கறுப்பை மட்டும் அனுப்பினான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி வாக்கில் ஹர்ஷினி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் முதலில் சார் என்றுகூடச் சொல்லவில்லை. "இதுதான்! இதேதான்!" என்றாள். "எனக்கே ஒரு செகண்ட் பக்குன்னு இருந்துச்சு. வரிசை முழுக்க நீங்களே பண்ணிடுங்க சார். ஒப்பந்தம் இன்னைக்கே மெயில்ல அனுப்பிடறோம்."

அய்யாதுரை போனை வைத்தான். அண்ணாச்சி, "நான்தான் அப்பவே சொன்னேன்ல, உன்னைவிட எவன் வரைவான்னு" என்று தொடங்கினார். அதைக் கேட்டு முடிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. முத்துமாரிக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, ஆகவே கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டி ரோட்டில் விரட்டினான்.

போகும் வழியெல்லாம் ஒரே கவலை. அவள் எப்படியும் சிரித்து மழுப்பப் பார்ப்பாள். சீசன் முடியட்டும், தீபாவளி கழியட்டும், ஃபோர்மேன் என்னை நம்பி லோடு ஒத்துக்கிட்டாரு என்று ஆயிரம் சொல்லுவாள். சத்தியம் பண்ணினாயே என்று கேட்டால், விளையாட்டுக்குச் சொன்னேன் என்பாள். அதற்கெல்லாம் என்னென்ன பதில் சொல்லலாம் என்று வண்டியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனான்.

வேலை விடும் நேரம். பெண்கள் கேட்டுக்கு வெளியே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முத்துமாரி முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி மினுங்க, தூக்குவாளியோடு வந்தாள். அவனைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"என்னங்க? பிரீத்திக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. படம் தேறிருச்சு. அம்புட்டுப் புஸ்தகமும் நம்மகிட்டதான்."

"நெசமாவா?"

"ஒப்பந்தமே வருது."

அவள் சிரிக்கவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்தாள். வைத்தவள் அப்படியே ரோட்டோரத்தில் சரிந்து உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழத் தொடங்கினாள். அவளோடு வேலை பார்க்கும் அய்யம்மாள் ஓடிவந்து, "என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?" என்று பதறினாள். அய்யாதுரை ஒத்திகை பார்த்ததில் அழுகைக்குப் பதில் இல்லை.

"ஏ மாரி, எந்திரி. நல்ல சேதிதானே சொன்னேன்?"

"தெனமும் அந்த ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டுவேன்ல," என்றாள் முத்துமாரி, அழுகையின் நடுவே. "இதைத் திரும்பப் போடுவமான்னு நெனச்சுக்கிட்டேதாங்க உள்ள போவேன். தெனமும். முத நாளையில இருந்து."

"பிறகு ஏன் சிரிச்ச? கேக்கும்போதெல்லாம் பயமில்லைன்னு சொன்னியே?"

"அழுதா விடுவீகளா? வேலைக்கு விடமாட்டீக. அப்புறம் பிள்ளை எப்படிப் படிக்க?"

அய்யாதுரை அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவமானமாக இருந்தது. இத்தனை வருஷமாக அவள் சிரித்ததை எல்லாம் சிரிப்பு என்றே நம்பியிருந்தான். மீன் பயந்து துள்ளுகிறது என்பதை ஒரு வாரம் மண்டையை உடைத்து, கண்மாயில் இறங்கித் தெரிந்துகொண்டான். ஒரே வீட்டில் இருந்தவளின் பயத்தை அவனாகத் தெரிந்துகொள்ளவே இல்லை.

அவள் மூக்கைச் சிந்தினாள். கன்னத்தில் பொடி ஒட்டியிருந்தது. பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். அய்யம்மாள் மட்டும் தன் காலில் கிடந்த செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க," என்றாள் முத்துமாரி மெல்ல, யாரோ மறுத்துவிடுவார்கள் என்பது போல. "நாளைக்கே நின்னுக்கிடலாமாங்க?"

"நாளைக்கு எதுக்கு வரணும்? இப்பவே போயி ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டு வா."

அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு கேட்டுக்குள் போனாள். இரண்டு எட்டு வைத்தவள், நின்று திரும்பினாள்.

"நீங்களும் கூட வாங்க," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."